பல ஆண்டு நின்ற பழைய காரின் எஞ்சின் இறுகிக்கிடந்தால்: உடைக்காமல் விடுவிக்கும் முறை

பத்து இருபது ஆண்டுகள் ஓடாமல் நின்ற காரில் கிராங்க் (பிஸ்டன்களோடு இணைந்து சுழலும் முக்கியத் தண்டு) அசைய மறுத்தால், எஞ்சின் முழுவதும் துருப்பிடித்துப்போய்விட்டது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. வண்டி நின்றபோது ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வ் திறந்த நிலையில் இருந்திருக்கும். அதன் வழியே ஈரக்காற்று உள்ளே போய், பிஸ்டன் ரிங்குக்கும் வார்ப்பிரும்பு போருக்கும் (சிலிண்டரின் உட்சுவர்) இடையில் மெல்லிய துரு வளையம் கட்டியிருக்கும். வால்வ் மூடியிருந்த மற்ற சிலிண்டர்கள் ஓரளவு நல்ல நிலையிலேயே இருக்கலாம். நின்ற காலத்தில் கெட்டதைவிட, அவசரப்பட்டு ஒரே நாளில் உடைத்ததுதான் பல எஞ்சின்களில் பெரிய சேதம். வளைந்த புஷ்ராட் (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி), முறிந்த கிராங்க் போல்ட், ரிங் உட்காரும் விளிம்பு நொறுங்கிய பிஸ்டன் எல்லாம் அப்படி வந்தவை.

அதனால் பிரேக்கர் பாரை (நீண்ட நெம்புக் கைப்பிடி) கையில் எடுக்கும் முன், எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

பிடித்திருப்பது எது?

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பின்சக்கர பிரேக் துருவேறிப் பிடித்திருக்கும் நிலையில் வண்டி கியரில் நின்றால், எஞ்சின் சுற்றாததுபோலவே தெரியும். அடுத்து ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்கள். வாட்டர் பம்ப் அல்லது டைனமோவின் பேரிங் இறுகியிருந்தால் அது இப்போதே தெரிந்துவிடும். பெல்ட் இல்லாமல் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள்.

பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரை வெளியே எடுங்கள். அதன் பினியன் ஃபிளைவீல் ரிங் கியரில் சிக்கிக்கொண்டு எஞ்சினையே பூட்டிவிடுவது பழைய வண்டிகளில் சாதாரணம். மோட்டாரைக் கழற்றினால் இன்னொரு லாபமும் உண்டு: அந்தத் துளை வழியே ரிங் கியரைப் பார்க்கலாம், பின்னால் நெம்புவதற்கும் அந்த இடம் உதவும்.

ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றுங்கள். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் கேஸ்கெட் (அடைப்புத் தகடு) கசிந்து சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றிருந்தாலும் கிராங்க் ஓரிடத்தில் வந்து டக்கென்று நிற்கும். தண்ணீரைச் சுருக்க முடியாது. பலம் கொடுத்தால் கனெக்டிங் ராட் வளையும். பிளக் துளைகள் திறந்துவிட்டால் தண்ணீர் வெளியேற வழி கிடைத்துவிடும். சம்ப் (எஞ்சினடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) பிளக்கைத் திறந்து சிறிது எண்ணெயை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடியுங்கள். முதலில் தண்ணீர் வந்தால், அல்லது எண்ணெய் பால் கலந்த நிறத்தில் இருந்தால், கிராங்க் பேரிங்குகளும் பார்க்கப்பட வேண்டியவை. அப்போது சம்ப்பைக் கழற்றாமல் வேலையைத் தொடராதீர்கள்.

பிளக் துளை வழியாக ஒரு சின்ன எண்டோஸ்கோப் கேமராவை இறக்கிப் பார்த்தால் பாதி கேள்விக்கு விடை கிடைத்துவிடும். போன் திரையோடு இணையும் மலிவான வகையே போதும். எந்த சிலிண்டரில் சுவர் பழுப்பாக இருக்கிறது, எந்த வால்வ் திறந்து நிற்கிறது, பிஸ்டன் எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்தக் குறிப்பு நிச்சயம் தேவைப்படும்.

கடைசியாக ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் சிறு நெம்புகோல்) கவரைத் திறந்து, ராக்கர் அட்ஜஸ்ட்மென்டுகளை முழுவதும் தளர்த்துங்கள், அல்லது ராக்கர் ஷாஃப்டையே கழற்றிவிடுங்கள். புஷ்ராட் எஞ்சினில் இந்த வேலையைத் தவிர்க்கவே கூடாது. வால்வ் அதன் கைடில் (தண்டு சறுக்கும் குழாய்) இறுகியிருக்கும்போது கிராங்க் திடீரென்று சுற்றினால் புஷ்ராட் வளைந்துவிடும். ஓவர்ஹெட் கேம் எஞ்சினில், ஒட்டிக்கொண்ட வால்வை மேலே ஏறும் பிஸ்டன் போய் முட்டலாம். அங்கே கேம் தனியாகச் சுற்றுகிறதா என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் டைமிங் செயினைக் கழற்றினால் பிஸ்டனும் வால்வும் மோதும் அபாயம் உண்டு என்பதால், அந்த எஞ்சினின் பணிமனைக் கையேட்டைப் பார்த்த பிறகே தொடுங்கள்.

ஊறவைப்பது

பெனட்ரேட்டிங் ஆயில் (துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய்) எது நல்லது என்ற விவாதத்துக்கு முடிவே கிடையாது. கடையில் கிடைக்கும் எந்த நல்ல பெனட்ரேட்டிங் ஆயிலும் வேலை செய்யும். வீட்டிலேயே கலக்க விரும்பினால், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான எண்ணெயையும் (ஏடிஎஃப்) அசிட்டோனையும் சரிபாதியாகக் கலக்கலாம். அசிட்டோன் அந்த எண்ணெயில் முழுதாகக் கரையாது, நின்றால் பிரிந்துவிடும். எனவே ஒவ்வொரு முறையும் குலுக்கி ஊற்ற வேண்டும். அசிட்டோன் −20 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவியைக் கிளப்பும். கதவு திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஹீட்டர், பற்றவைப்பு, பொறி பறக்கும் கிரைண்டர் எதுவும் இருக்கக் கூடாது. பெயின்ட்டிலும் ரப்பரிலும் பட்டால் அவற்றையும் அது கெடுக்கும். சாதாரண WD-40 முதன்மையாக ஈரத்தை விலக்கத் தயாரிக்கப்பட்டது. மேலோட்டமான துருவுக்கு அது உதவும். போரில் ஊறவைக்க அதைவிடத் தாங்கி நிற்கும் எண்ணெய் வேண்டும்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் 50 முதல் 100 மி.லி. வரை ஊற்றுங்கள். பிஸ்டன் தலை முழுவதும் மூழ்க வேண்டும் என்பதே கணக்கு. சாய்ந்து உட்காரும் எஞ்சின்களில் எண்ணெய் ஒரு பக்கமாக மட்டுமே தேங்கும், மேல்பக்கத்து ரிங் காய்ந்தே கிடக்கும். ஜாக்கியால் வண்டியைச் சாய்த்தோ, அளவைக் கூட்டியோ அந்தப் பக்கத்தையும் நனையுங்கள். வி வடிவ எஞ்சினுக்கும் இதே கவனம் தேவை. படுக்கை வடிவ எஞ்சின்களில் ஊற்றி ஊறவைப்பது பாதிதான் பலிக்கும்.

நுட்பமான ஒரு குறிப்பு: ஊற்றிய உடனே, சுத்தமான கம்பி ஒன்றை விட்டு எண்ணெயின் உயரத்தை அளந்து எழுதிவையுங்கள். மறுநாள் அளவு இறங்கியிருந்தால் எண்ணெய் ரிங்குகளைத் தாண்டிப் போகிறது என்று பொருள். அந்த சிலிண்டர் விடுபடும் தறுவாயில் இருக்கிறது. மூன்று சிலிண்டரில் இறங்கி ஒன்றில் மட்டும் அப்படியே நின்றால், பிடித்திருப்பது அந்த ஒன்றுதான். இறங்க இறங்க நிரப்பிக்கொண்டே வாருங்கள். குறைந்தது ஒரு வாரம் ஊறட்டும். மோசமான நிலையில் ஒரு மாதம்கூட எடுக்கும். காத்திருப்பதில் பொருள் சேதமாவதில்லை. எண்ணெய் மட்டும்தான் செலவு. துளைகளை முழுதாக அடைக்காமல் துணி கொண்டு மூடிவையுங்கள்.

டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றும் பழக்கம் உண்டு. மெல்லிய பிசினை அவை இளக்கும். துருவுக்கு அவை தாமதமாகவே வேலை செய்யும். காஸ்டிக் சோடாவும் அமிலமும் சிலிண்டருக்குள் வேண்டவே வேண்டாம். அலுமினிய பிஸ்டனைக் காஸ்டிக் நேரடியாகத் தின்னும்.

கிராங்கை அசைக்கும் விதம்

கிராங்க் புல்லி போல்ட்டில் அறுமுனை சாக்கெட்டைப் பொருத்தி, அரை மீட்டர் நீளக் கம்பியால் இழுங்கள். 40 கிலோ அளவுக்கு நீங்கள் இழுத்தால் போல்ட்டில் விழுவது ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டர். பெரும்பாலான பழைய நான்கு சிலிண்டர் எஞ்சின்களுக்கு இதுவே எல்லை. குழாயைச் செருகிக் கம்பியை நீட்டிக்கொண்டே போனால் போல்ட் முறியும், அல்லது கிராங்கின் நுனியிலுள்ள மரை போய்விடும். அந்த நுனி மரையைச் சரிசெய்ய கிராங்கையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

பெரும்பாலான எஞ்சின்கள் முன்பக்கமிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றும். போல்ட்டை இறுக்கும் திசையும் அதுவே. எதிர்த்திசையில் அழுத்தினால் போல்ட் தளரலாம் என்பதால் அங்கே மென்மையாக மட்டும் ஆட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு அசைவுகூட வெற்றிதான். அசைந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே இருங்கள். ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் உதிர்ந்த துரு ரிங்குக்கு முன்னால் ஆப்பாகச் சேர்ந்து திரும்பவும் இறுகும். ஒரு மில்லிமீட்டர் போகும், அரை மில்லிமீட்டர் திரும்பும், மேலே கொஞ்சம் எண்ணெய் ஊற்றுவீர்கள், பிறகு மறுபடி. இப்படித்தான் வழி திறக்கும்.

ரிங் கியரை நெம்புவது இன்னும் நல்ல வழி. ஃபிளைவீலின் விட்டம் பெரியது, அதனால் குறைந்த விசைக்கே அதிக முறுக்கு கிடைக்கும். புல்லி போல்ட்டுக்கும் சுமை ஏறாது. பல்லில் சரியாகப் பொருந்தும் தட்டையான நெம்புகோலைப் பயன்படுத்துங்கள். ஒரே பல்லில் முழு விசையையும் போட்டால் பல் உடையும். இடத்தை மாற்றி மாற்றி நெம்புங்கள்.

ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டு சுற்றிப் பார்க்கலாமா என்றால், வேண்டாம். அதன் அடி திடீரென்று விழும், நிறுத்தவும் நேரமிருக்காது. வண்டியை இன்னொரு வண்டியில் கட்டி, கியரில் இழுப்பதும் அப்படியே. இரண்டிலும் உடைவது எது என்பது உங்கள் கையில் இல்லை.

எண்ணெய் ஊறிய சிலிண்டரில் பிளக்கைப் போட்டு சுற்றாதீர்கள். உள்ளே நிற்கும் எண்ணெயும் தண்ணீரைப்போலச் சுருங்காது. கிராங்க் சுற்றத் தொடங்கியதும் எண்ணெய் துளை வழியே பீறிட்டு வரும். துணியைப் போட்டு மூடுங்கள், கண்ணாடி அணியுங்கள்.

ஹெட்டைக் கழற்ற வேண்டிவந்தால்

வாரக்கணக்கில் ஊறியும் அசையாவிட்டால், ஹெட்டைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது. ஹெட் நட்டுகளை, இறுக்கும் வரிசைக்கு நேர்மாறாக, ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றும் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒன்றை மட்டும் ஒரேயடியாகக் கழற்றினால் ஹெட் கோணலாகும்.

நட்டெல்லாம் வந்த பிறகும் ஹெட் தூக்காவிட்டால், பலம் போடும் முன் ஒரு முறை தேடுங்கள்: டைமிங் கவரோடு இணைக்கும் சின்ன நட்டோ, இன்லெட் மேனிஃபோல்டுக்கு அடியில் மறைந்த போல்ட்டோ இருக்கும். எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உளியையோ திருப்புளியையோ அடித்துச் செருகாதீர்கள். கேஸ்கெட் உட்காரும் முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் மெஷின் கடைக்குத்தான் போக வேண்டும். வார்ப்பிலேயே நெம்புவதற்கென்று துருத்திய காதுகள் சில எஞ்சின்களில் இருக்கும். அங்கே மரக்கட்டை வைத்துத் தட்டலாம்.

கிராங்க் சுற்றும் எஞ்சினில் ஹெட் மட்டும் ஒட்டியிருந்தால் கயிறு முறை நன்றாக வேலை செய்யும். ராக்கர்கள் கழற்றப்பட்டு வால்வுகள் மூடியிருக்கும் சிலிண்டரில், பிஸ்டன் கீழே இருக்கும்போது 8 மி.மீ. நைலான் கயிற்றைப் பிளக் துளை வழியே நிரப்புங்கள். நுனி வெளியே இருக்கட்டும். ஹெட் நட்டுகளை முழுதாக எடுக்காமல் 3 மி.மீ. அளவு தளர்த்தி வைத்துவிட்டு, கிராங்கைக் கையால் சுற்றினால் பிஸ்டன் கயிற்றை அழுத்தி ஹெட்டை மேலே தள்ளும். பருத்திக் கயிறு நார் உதிர்க்கும், அது வேண்டாம்.

அலுமினிய ஹெட், இரும்பு பிளாக், நீளமான எஃகு ஸ்டட் (தலையில்லாத, இருமுனையும் மரையிட்ட போல்ட்) என்ற கூட்டணிதான் மிகக் கடினமானது. ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சினில் ஸ்டட்டுகள் தண்ணீர்ப் பாதை வழியாகப் போவதால் துரு அங்கே சேரும். டிரையம்ஃப் ஸ்டாக்கில் ஒரு வரிசை ஸ்டட்டுகள் சாய்வாக இருப்பதால், நேராகத் தூக்கவே முடியாதபடி ஹெட் பிடித்துக்கொள்ளும். அலுமினியம் அரித்து உண்டாகும் வெள்ளைப் பொடி, ஸ்டட்டைச் சுற்றியுள்ள இடைவெளியை நிரப்பி இறுக்கிவிடுகிறது. இங்கே ஹெட்டைத் தூக்குவதைவிட, ஸ்டட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பதே சரியான வரிசை. ஸ்டட்டின் மேல்மரையில் இரண்டு நட்டைப் போட்டு ஒன்றோடொன்று பூட்டி, கீழே உள்ள நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்புங்கள். வராவிட்டால், ஸ்டட்டைச் சுற்றிக் குழாய் வடிவில் வெட்டும் மெல்லிய உருளைக் கட்டரால் அந்த வெள்ளை அடைப்பை வெட்டி எடுக்கலாம். நீண்ட வேலைதான், ஆனால் ஹெட் உயிரோடு வரும்.

பிஸ்டனை நகர்த்துவது

ஹெட் வந்ததும் வேலையின் சாரம் கண்ணுக்குத் தெரியும். பிஸ்டனுக்கு மேலே வெளிப்பட்டுள்ள சுவரில்தான் துரு அதிகம். அந்தத் துருவை எண்ணெயும் ஸ்கோட்ச் பிரைட்டும் கொண்டு கையால் துடைத்து எடுத்துவிட்டு, பிஸ்டன் விளிம்பைச் சுற்றி எண்ணெயை மறுபடி நிரப்புங்கள். துகள்களை உறிஞ்சி எடுங்கள், ஊதித் தள்ளாதீர்கள்.

பிஸ்டனை முதலில் கீழே தள்ளுவதே நல்லது. கீழே உள்ள சுவர் எஞ்சின் எண்ணெயில் நனைந்தே இருந்திருக்கும், துரு குறைவு. மேலே தள்ளினால் துருவின் மீதும், பல எஞ்சின்களில் மேல்விளிம்பில் தேய்மானத்தால் உண்டான படியின் மீதும் ரிங் போய் முட்டும்.

போரைவிட 3 முதல் 5 மி.மீ. குறைவான விட்டத்தில் கடின மரத்துண்டு ஒன்றைச் செதுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் மட்டும் அழுத்தாமல், பிஸ்டன் தலையின் ஓரங்களிலும் விசை பரவும்படி அது முழுதாகப் படிய வேண்டும். பிஸ்டன் தலை மேடாக இருந்தால் மரத்தைக் குழித்து எடுங்கள். ஒன்று முதல் ஒன்றரை கிலோ சுத்தியலால் நடுத்தர வேகத்தில் தட்டுங்கள். ஒரே பெரிய அடியைவிட நூறு சின்ன அடிகள் மேல்: அதிர்வு எண்ணெயை உள்ளே இழுக்கும். தட்டிவிட்டு 12 மணி நேரம் விட்டுவிடுங்கள். அடுத்த நாள் மறுபடி.

எங்கே தட்டுவது என்பதில் கணக்கு இருக்கிறது. நான்கு சிலிண்டர் வரிசை எஞ்சினில் 1-ம் 4-ம் ஒன்றாக ஏறி இறங்கும், 2-ம் 3-ம் ஒன்றாக எதிர்த்திசையில் போகும். 1-ஐ அடித்தால் 4-ம் சேர்ந்து இறங்கும். எனவே அந்த இரண்டையும் மாறிமாறித் தட்டுங்கள். திருப்பி ஏற்ற வேண்டுமானால் 2-ஐயும் 3-ஐயும் தட்டுங்கள். பிஸ்டன் சரியாக மேல்நிலையிலோ அடிநிலையிலோ நின்றால் எந்தத் திசையிலும் கிராங்க் திரும்பாது. நேராக விழும் அடியை பேரிங் மட்டுமே தாங்கும். அந்த நிலையில் மரத்துண்டையும் சுத்தியலையும் வைத்துவிட்டு, சம்ப்பைக் கழற்றுங்கள்.

சம்ப் வந்தபின் கனெக்டிங் ராடுகளின் தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, எது சுதந்திரமாக இருக்கிறது என்று பாருங்கள். பிரிக்கும் முன் எந்தத் தொப்பி எந்த ராடுக்கு, எந்தப் பக்கம் என்று குறியிடுங்கள். மாறினால் பேரிங் தேய்ந்துபோகும். ராட் போல்ட்டுகள் மேல் ரப்பர் குழாய்த் துண்டுகளை மாட்டுங்கள், இல்லையேல் கிராங்க் ஜர்னல் கீறிவிடும். பிடித்துக்கொண்ட பிஸ்டனைத் தவிர மற்றவற்றைப் பிரித்துவிட்டால், கிராங்க் தனியாக எளிதில் ஆடுகிறதா என்பதும் தெளிவாகிவிடும். பிறகு ஒவ்வொரு பிஸ்டனையும் தனித்தனியாக விடுவிக்கலாம். மேல்வழியாக வெளியே எடுக்கும் முன் போரின் மேல்விளிம்பிலுள்ள தேய்மானப் படியை ரிட்ஜ் ரீமரால் நீக்குங்கள்.

ஈரமான லைனர் கொண்ட எஞ்சின்கள் தனி வகை. டிரையம்ஃப் டிஆர்2 முதல் டிஆர்4 வரை, சிட்ரோயன் டிஎஸ், பெஜோ 404 போன்றவற்றில் சிலிண்டர் லைனர், அடியிலுள்ள சீலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஹெட் இல்லாமல் கிராங்கைச் சுற்றினாலோ பிஸ்டனை மேலே தள்ளினாலோ லைனரும் சேர்ந்து எழுந்துவிடும். அடிச் சீல் விட்டால் தண்ணீர் சம்ப்புக்குள் போகும். ஹெட் ஸ்டட்டுகளில் குழாய்த்துண்டும் வாஷரும் போட்டு லைனர்களை அழுத்திப் பிடித்துவிட்டு மட்டுமே அசையுங்கள்.

ஹெட்டைக் கழற்றாமல் கிரீஸ் கன் கொண்டு தள்ளும் முறையும் உண்டு. வால்வுகள் இரண்டும் மூடிய சிலிண்டரை எண்ணெயால் முழுதாக நிரப்பி, பழைய பிளக்கின் உடலில் கிரீஸ் நிப்பிள் பொருத்தி, கிரீஸ் கன்னால் அழுத்தம் ஏற்றுவது. திரவம் என்பதால் அழுத்தம் பிஸ்டன் தலை முழுவதும் சமமாகப் பரவும். ஆனால் எண்களைப் பாருங்கள். 80 மி.மீ. போருக்குப் பரப்பு ஏறத்தாழ 50 சதுர செ.மீ. 100 பார் அழுத்தத்தில் பிஸ்டன் மேல் விழுவது சுமார் 5 டன். ஹெட் ஸ்டட்டுகளும் அதே விசையை மேல்நோக்கிச் சுமக்கும். கையால் அழுத்தும் கிரீஸ் கன் பல நூறு பார் வரை எட்டும் என்பதால், அளவி ஒன்றை இணைத்து, 40 பாரில் நிறுத்தி ஒரு மணி நேரம் காத்திருங்கள். அதைத் தாண்டி 60 பாருக்கு மேல் போகாதீர்கள். காற்றுக் கம்பிரஸரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. சுருங்கிய காற்று ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கும், பிஸ்டன் விடுபட்ட நொடியில் மொத்தமும் வெளியேறும்.

ஒட்டிக்கொண்ட வால்வுகள்

பழைய பெட்ரோல் பிசினாகி வால்வ் தண்டில் காய்ந்திருந்தால், அசிட்டோன் அல்லது கார்புரேட்டர் கிளீனர் அதை இளக்கும். துருவென்றால் பெனட்ரேட்டிங் ஆயில். கைடின் மேல்பக்கம் சில துளிகள் விட்டு, நாலைந்து நாள் ஊறிய பிறகு, தண்டின் நுனியில் பித்தளைக் கட்டை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் ஸ்பிரிங் திரும்ப இழுக்கும். இழுக்கும் வேகம் கூடக் கூட அது விடுபட்டுக்கொண்டிருக்கிறது. தண்டைத் தட்டுவதுடன் ரிட்டெய்னரைப் பிடித்துச் சற்றே சுற்றவும் முடிந்தால் மிக நல்லது. தட்டும்போது கீழே பிஸ்டன் வெகு அருகில் இருந்தால் வால்வ் முட்டும். ஹெட் இன்னும் எஞ்சினில் இருந்தால் பிஸ்டனை இறக்கிவிட்டுத் தட்டுங்கள். தண்டு முழுவதும் விடுபடாத ஒரு வால்வ் இருந்தாலும் அதனுடைய ராக்கரைப் பொருத்தாதீர்கள்.

இறுகிய போல்ட், முறிந்த ஸ்டட்

கழற்றும் வேலை முழுவதும் இதுதான் அதிக நேரம் தின்னும். முதல் விதி, அளவு. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரை அளவு) அல்லது அங்குல ஏஎஃப் (தலையின் எதிர்ப்பக்கங்களுக்கு இடையிலான அகலம்) தலைகள். அரை அங்குலத் தலை என்பது 12.7 மி.மீ. 13 மி.மீ. ஸ்பேனரை மாட்டினால் முதல் இழுப்பிலேயே மூலை தேயும். முக்கால் அங்குலத் தலையும் 19 மி.மீ. ஸ்பேனரும் பொருந்திவிடும், பெரும்பாலானவை பொருந்தாது. பன்னிரு முனை சாக்கெட்டை வைத்துவிட்டு அறுமுனை சாக்கெட்டை எடுங்கள்.

தளர்த்துவதற்கு முன் அரைக்கடுகு அளவு இறுக்கிப் பாருங்கள். மரையில் உள்ள துரு உடைய அது பல நேரம் போதும். போல்ட் தலையின் மேல் சுத்தியலால் நேராக ஒரு நல்ல தட்டுத் தட்டுவதும் அதே வேலையைச் செய்யும். அசைந்ததும் எட்டில் ஒரு பங்கு தளர்த்தி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்தி, எண்ணெய் விட்டு வாருங்கள். போல்ட்டில் திடீரென்று மென்மை தெரிந்தால், தளர்ந்தது என்று நினைக்காதீர்கள். தண்டு முறுக்கேறி நீள்கிறது, அடுத்த அசைவில் முறியும். உடனே நிறுத்திவிட்டு வெப்பத்துக்குப் போங்கள்.

வெப்பம் ஏன் வேலை செய்கிறது? எஃகு ஒரு டிகிரிக்கு மில்லியனில் 12 பங்கு விரியும், அலுமினியம் 23 பங்கு. 10 மி.மீ. ஸ்டட் இருக்கும் அலுமினிய ஹெட்டை 150 டிகிரி கூட்டினால், துளை 0.035 மி.மீ. விரியும், ஸ்டட் 0.018 மி.மீ. மட்டுமே. இடைவெளி மிகச் சிறியது, ஆனால் துருவின் பிடியை உடைக்க அது போதும். இரும்புக்குள் இரும்பு என்றால் விரிவு சமம். அங்கே வெளியே உள்ளதை மட்டும் வேகமாகச் சூடாக்க வேண்டும்: நட்டைச் சுடுங்கள், ஸ்டட்டை விட்டுவிடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நட்டுகளுக்கு இது மிகவும் பொருந்தும். மங்கிய சிவப்பு வரும்வரை சுடலாம்.

அலுமினியத்தைச் சுடும்போது கண்ணை நம்பாதீர்கள். அது உருகும்வரை சிவக்காது. ஹெட்டை 150 டிகிரிக்கு மேல் கொண்டுபோகத் தேவையில்லை. தண்ணீர்த்துளி விட்டால் தெறித்துத் துள்ளும் நிலையே போதும். பளபளக்கும் அலுமினியத்தில் இன்ஃப்ராரெட் வெப்பமானி குறைவாகக் காட்டும். கறுப்பு மார்க்கரால் ஒரு பொட்டு வைத்து அங்கே அளவெடுங்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற காற்றுக் குளிர்வு எஞ்சினின் கிராங்க் கேஸ் மெக்னீசியம் கலவை. அங்கே டார்ச்சின் சுடர் கூடாது, ஹீட் கன் மட்டுமே.

சூடாக்கிய பின் மெழுகுவர்த்தித் துண்டை மரையின் விளிம்பில் தேய்த்தால், உருகிய மெழுகு உள்ளே இழுத்துக்கொள்ளப்படும். எளிய, நம்பகமான முறை இது. எண்ணெய் விடுவதாக இருந்தால், சுடரை அணைத்து, பாகம் நன்றாக ஆறிய பிறகு துளித்துளியாக விடுங்கள். ஸ்பிரே டப்பாவைச் சூடான பாகத்தில் அடிக்காதீர்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தைச் சுடுவதோ வெல்டிங் வைப்பதோ உயிருக்கே ஆபத்து. பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு அதிலிருந்து வரும். தண்ணீராலும் சோப்பாலும் கழுவிக் காயவைத்துவிட்டு மட்டும் சுடுங்கள். பெட்ரோல் குழாயும் டேங்கும் அருகில் இருந்தால் முதலில் அவற்றை அகற்றுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

முறிந்துவிட்ட ஸ்டட்டுக்கு, நுனி வெளியே கொஞ்சமேனும் தெரிந்தால், அதைவிடச் சற்றே பெரிய நட்டை வைத்து உள்ளே மிக் வெல்டிங் நிரப்புவதே மிக நல்ல வழி. வெல்டிங்கின் சூடே பாதி வேலையைச் செய்யும். சிவப்பு மறையும்வரை பொறுத்து, ஸ்பேனர் போட்டு இருபக்கமும் ஆட்டுங்கள். முதல்முறை நட்டு கழன்றுவிட்டால் மனம் தளராமல் மறுபடி வையுங்கள். மூன்றாவது முறை வருவதுண்டு.

விளிம்போடு முறிந்திருந்தால், நடுவைச் சரியாகக் குத்தி, இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட்டால் துளையிடுங்கள். சில நேரம் துளையிடும்போதே ஸ்டட் சுற்றி வெளியே வந்துவிடும். ஸ்டட் விட்டத்தில் பாதியளவு துளை வந்ததும் சூடாக்கி முயலுங்கள். ஈஸி அவுட் என்ற எக்ஸ்ட்ராக்டரை இறுகித் துருப்பிடித்த ஸ்டட்டில் முறுக்காதீர்கள். அது கடினமான, எளிதில் முறியும் எஃகு. உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதை வெட்டாது. மரையைச் சுத்தமாக மீட்க முடியாவிட்டால், ஹெலிகாயில் போன்ற மரை இன்சர்ட் வைத்து மீண்டும் நல்ல மரை உண்டாக்கலாம். ஸ்பார்க் பிளக் மரைக்கும் அதே வழி. மரை வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவிக்கொண்டால் துகள்கள் சிலிண்டருக்குள் விழாமல் ஒட்டிக்கொள்ளும்.

டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால் நெம்பாதீர்கள், அதன் அலுமினிய உடல் உடைந்துவிடும். கிளாம்பைக் கழற்றி, அடியைச் சுற்றி எண்ணெய் விட்டு, பிளாக்கை வெதுவெதுப்பாக்கி, உடலைக் கையால் இடம்வலமாகச் சுற்றுங்கள். சுற்றிவிட்டால் தூக்குவது எளிது.

விடுபட்ட பிறகு

கிராங்க் ஒரு முழுச்சுற்று சுற்றியதும் ஸ்டார்ட் செய்துவிடத் தோன்றும். அதற்கு முன் சில வேலைகள் பாக்கி. பெனட்ரேட்டிங் ஆயில் ரிங் வழியே சம்ப்பில் இறங்கியிருக்கும். அது எஞ்சின் எண்ணெயை மெலிதாக்கி பேரிங்கைப் பாதிக்கும். பழைய எண்ணெயை முழுதாக வடித்து, ஃபில்டரை மாற்றி, புது எண்ணெய் ஊற்றுங்கள். போரில் குழிவிழுந்த துருத் தழும்பு நகத்தில் தட்டுப்பட்டால் ஹோனிங் (சுவரை உரசிச் சீராக்குவது) அல்லது போரிங் (கடைந்து பெரிதாக்குவது) தேவைப்படும். மேலோட்டமான கறை மட்டும் என்றால் ஓடும்.

பிளக்குகள் இல்லாமல், இக்னிஷன் துண்டிக்கப்பட்ட நிலையில், கையால் இருபது சுற்றுகள் சுற்றுங்கள். கேம் முனைகள் மேல் எண்ணெய் ஊற்றுங்கள். பிறகு ஸ்டார்ட்டரால் 10 வினாடி வீதம், இடைவெளிவிட்டு, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும்வரை சுற்றுங்கள். அணையாவிட்டால் எண்ணெய் பம்ப் காய்ந்திருக்கும். அதன் உள்ளே எண்ணெய் நிரப்பிவிட்டு முயலுங்கள்.

ராக்கர்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி, ஒவ்வொரு வால்வும் முழுதாக இறங்கி, தடையில்லாமல் திரும்புகிறதா என்று கண்ணால் பாருங்கள். கம்பிரஷன் அளவை அதன்பிறகு எடுத்து எழுதிவையுங்கள். பல ஆண்டு இறுகிக்கிடந்த ரிங் உடனே முழுதாக விரியாது, எனவே முதல் அளவு தாழ்ந்தே இருக்கும். துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி எடுங்கள். நன்றாக ஏறினால் குறை ரிங்கில். ஏறாவிட்டால் வால்வில். அதன்பிறகே ஸ்டார்ட். முதலில் வேகத்தை மெதுவாகவே வைத்து, எண்ணெய் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே 20 நிமிடம் ஓடவிட்டு, எண்ணெயை மறுபடி மாற்றுங்கள். உள்ளே ஊறியிருந்த துரு அத்தனையும் அந்த முதல் ஓட்டத்தில்தான் எண்ணெயில் வந்து சேரும்.

திருப்பிப் பொருத்தும் எல்லா ஸ்டட்டுகளுக்கும் ஆண்டி சீஸ் கிரீஸ் (மரை இறுகிப்போகாமல் காப்பது) தடவுங்கள், ஆனால் அது மரையை வழுக்கச் செய்யும் என்பதால், காய்ந்த மரைக்குக் கையேட்டில் சொன்ன முறுக்கில் இருபது சதவீதத்துக்கும் குறையாமல் குறைத்து இறுக்குங்கள். ஹெட் ஸ்டட்டுகளுக்கு மட்டும் கையேடு சொல்லும் எண்ணெயும் சொல்லும் முறுக்குமே. அங்கே ஆண்டி சீஸ் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஸ்டட்டுகளுக்கு எஃகு நட்டுக்குப் பதில் பித்தளை நட்டுப் போடுங்கள்: அடுத்த முறை அவை சுலபமாகக் கழலும்.